இடைக்கால இஸ்லாத்தில் மெய்யியலும் கலாமும்: ஒரு மொழிநிலை நோக்கு

1. முன்னுரை

இடைக்கால இஸ்லாமிய நாகரிகத்தில் மெய்யியலும் இறையியலும் கொண்டிருந்த உறவைப் பற்றி எழுதுவோர் பலர், அதனைப் பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே நிகழ்ந்த போராகவே காட்டுவர். கிரேக்கரிடமிருந்து வந்த மெய்யியலைக் கஸ்ஸாலி வீழ்த்தினார். இப்னு ருஷ்து அதனைக் காக்க முயன்றார். அவருக்குப்பின் அந்நாகரிகத்தில் மெய்யியல் மறைந்தொழிந்தது என்பது இவ்வரலாற்றின் வழக்கமான சுருக்கம். 1852இல் இப்னு ருஷ்தைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் முதலானோரால் பரவிய இக்கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் திருத்தியுள்ளன. ஆயினும் பொதுவழக்கில் அது இன்னும் செல்வாக்கு இழக்கவில்லை.

அவ்வுறவின் ஒரு கூறு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தனியே கருதத்தக்கது. இரு துறையாரும் மோதிக்கொண்ட இடங்களை நெருங்கி நோக்கினால், இறைவன், உலகு, உயிர் என்பன பற்றிய வினாக்களுக்கு அடியில் மொழி பற்றிய வினா ஒன்று கிடப்பது புலனாகும். ஒரு மக்களின் மொழியில் பிறந்த சிந்தனை வேறொரு மக்களின் மொழிக்குப் பெயருமா? பெயர்ந்தால், அதன்பின் அது எவருக்கு உரியது? இவ்வினா 10ஆம் நூற்றாண்டுப் பாக்தாதில் எவ்வாறு எழுந்தது, அடுத்த இரு நூற்றாண்டுகளில் எவ்வகை விடைகளைப் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மெய்யியலின் கருவியாகிய அளவையியல் இறையியலுக்குள் இடம்பெற்றதற்கு அதன் வாதவலிமை மட்டுமன்றி, அது தன் பெயர்களை மாற்றிக்கொண்டதும் முதன்மையான காரணம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. துறைகளின் பெயர்கள்

தமிழில் மெய்யியல் என்று பெயர்க்கப்படும் துறைக்கு அரபியில் ஃபல்ஸஃபா என்று பெயர். இறையியல் என்று பெயர்க்கப்படுவதற்குக் கலாம் என்று பெயர். ஃபல்ஸஃபா என்பது கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. தான் அயலிலிருந்து வந்தது என்பதை அத்துறை தன் பெயரிலேயே அறிவித்துக்கொண்டு நின்றது. கலாம் என்பதோ 'பேச்சு' எனப் பொருள்படும் அரபுச் சொல். (தமிழில் பூசலைக் குறிக்கும் கலாம் என்னும் பழஞ்சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை.) அத்துறையினர் முத்தகல்லிம்கள், அதாவது 'பேசுவோர்' எனப்பட்டனர். வினாவும் விடையுமாக வாதிட்டமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். இறைவனின் பேச்சு எத்தன்மையது என்பதே அவர்களுடைய தலைமையான சர்ச்சையாக இருந்தமையால் வந்தது என்பர் வேறு சிலர். பிற்காலத்தில் இந்நூல்களை இலத்தீனாக்கியவர்கள் இச்சொல்லைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்து, அவர்களை 'பேசுவோர்' என்றே எழுதினர்.

தமிழ்ச் சொல்லிணை வேறொரு வகையிலும் மயக்கம் தருவது. இறையியல் என்பதற்கு நேரான அரபுச் சொல் இலாஹிய்யாத். அது கலாமைக் குறிக்கவில்லை. மெய்யியலார் தம் நூல்களில், இயற்கைக்கு அப்பாற்பட்டவற்றை ஆராயும் பகுதிக்கே அப்பெயரை இட்டனர். இப்னு சீனாவின் பெருநூலான 'ஷிஃபா'வில் மீவியற்பியல் பகுதியின் தலைப்பு அதுவே. கிரேக்கத்தின் 'தியொலொகியா' என்னும் சொல்லும் அரபிக்கு வந்தது மெய்யியல் நூல் ஒன்றின் தலைப்பாகத்தான். 'அரிஸ்டாட்டிலின் உஸூலூஜியா' என வழங்கிய அந்நூல் உண்மையில் அரிஸ்டாட்டிலுடையது அன்று. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புளோட்டினஸின் நூற்பகுதிகளை விரித்தும் மாற்றியும் பெயர்த்தது. மறுபுறம், கலாம் இறைவனைப் பற்றி மட்டும் பேசிய துறையும் அன்று. அணு, வெளி, காலம், அசைவு, மனிதச் செயலின் பொறுப்பு ஆகிய அனைத்தையும் அது ஆராய்ந்தது. ஆகவே ஒன்று இறைவனை விட்டு அறிவைப் பற்றியது, மற்றொன்று அறிவை விட்டு இறைவனைப் பற்றியது என்னும் பாகுபாடு அக்காலத்துக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே நிலப்பரப்பின்மீது உரிமை கோரிய துறைகள்.

ஜவ்ஹர் என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. மணி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து அரபிக்கு வந்த இது, மெய்யியலாரிடம் அரிஸ்டாட்டில் கூறிய 'ஊசியா'வை, அதாவது பிறிதொன்றைச் சாராது தானே நிற்கும் பொருளைக் குறித்தது. கலாம் அறிஞருள் பெரும்பாலாரிடம் அதே சொல் பகுக்கவியலாத அணுவைக் குறித்தது. முன்னவரின் உலகில் பொருள்கள் தத்தம் இயல்பால் செயற்பட்டன. பின்னவரின் உலகில் அணுக்களையும் அவற்றின் பண்புகளையும் இறைவன் கணந்தோறும் படைத்தான். ஒரே சொல்லைக் கொண்டு இரு சாராரும் இருவேறு உலகங்களைப் பேசினர். சூழலை நோக்காது இச்சொல்லை எங்கும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டை இழந்துவிடுவர்.

3. மொழிபெயர்ப்புப் பணி

பாக்தாத் நகரம் 762இல் அப்பாசியக் கலீஃபா மன்ஸூரால் நிறுவப்பட்டது. அது முதல் 10ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, அன்று கிடைத்த கிரேக்க அறிவியல், மருத்துவ, மெய்யியல் நூல்களுள் பெரும்பாலானவை அரபிக்குப் பெயர்க்கப்பட்டன. இது ஓரிரு மன்னர்களின் விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. அரசவையினர், அலுவலர், படைத்தலைவர், அறிஞர் எனப் பலதரப்பினரும் பொருள் செலவிட்டு வளர்த்த சமூக இயக்கம் என்பதைத் திமித்ரி குட்டாஸ் 1998இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

இவ்வியக்கத்தின் தொடக்கக் கால நூல்களுள் ஒன்று அரிஸ்டாட்டிலின் 'தொபிக்கா'. கலீஃபா மஹ்தியின் (775–785) வேண்டுகோளின்படி, கிழக்குத் திருச்சபையின் தலைவரான முதலாம் திமொத்தேயு அதனைச் சிரியாக் மொழியிலிருந்து பெயர்ப்பித்தார். அது வாதம் புரியும் கலையைக் கற்பிக்கும் நூல். பல சமயத்தார் கலந்து வாழ்ந்த பேரரசில் சமய வாதத்திற்கு அத்தகைய நூல் தேவைப்பட்டிருக்கலாம் என்பது குட்டாஸின் கருத்து. அதனை ஏற்பின், கிரேக்க அளவையியல் அரபிக்குள் காலெடுத்து வைத்ததே இறையியலின் தேவையை ஒட்டித்தான் என்றாகும்.

9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (இறப்பு 873) அவருடைய மகனும் மருமகனும் அடங்கிய குழு இப்பணியை உயர்நிலைக்குக் கொண்டு சென்றது. கிரேக்கப் படிகள் பலவற்றைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த பின்னரே பெயர்க்கத் தொடங்குவது ஹுனைனின் முறை. மருத்துவ அறிஞர் காலனின் நூல்கள் ஏறத்தாழ 129 பற்றி, எது எவரால் எம்மொழிக்குப் பெயர்க்கப்பட்டது என்று அவர் எழுதிவைத்த விவரம், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம் பணியைப் பற்றித் தாமே விட்டுச்சென்ற மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று.

கலைச்சொல்லாக்கத்தில் மூன்று வழிகள் கையாளப்பட்டன. முதலாவது ஒலிபெயர்ப்பு: முதற்பொருளைக் குறிக்கும் 'ஹூலே' என்னும் கிரேக்கச் சொல் ஹயூலா ஆயிற்று. இரண்டாவது புத்தாக்கம்: 'அது என்ன?' என்னும் வினாத்தொடரிலிருந்து, ஒரு பொருளின் சாரத்தைக் குறிக்கும் மாஹிய்யா என்னும் பெயர் ஆக்கப்பட்டது. மூன்றாவது, வழக்கிலுள்ள சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுதல். அளத்தல் என்னும் பொருளுடைய கியாஸ் என்னும் சொல், முக்கூற்று முடிபைக் குறிக்கக் கொள்ளப்பட்டது. இம்மூன்றாம் வழி எளிதாகத் தோன்றினும் விளைவு மிகுந்தது. ஏனெனில் கியாஸ் அதற்கு முன்பே சட்ட அறிஞரிடத்தும் இலக்கணியரிடத்தும் ஒப்புமையால் விதி காணும் முறையின் பெயராக வேரூன்றியிருந்தது. இதன் பயன் பின்னர்க் காணப்படும்.

மொழிபெயர்ப்பாளரை மிகவும் வருத்தியது ஒரு சிறு வினைச்சொல். கிரேக்கத்தில் எழுவாயையும் பெயர்ப்பயனிலையையும் இணைப்பதும், 'உள்ளது' என்று இருப்பைக் கூறுவதும் ஒரே வினை. அரபியின் நிகழ்காலப் பெயர்ப்பயனிலை வாக்கியத்தில் இணைக்கும் வினை இல்லை. தமிழில் 'அவன் ஆசிரியன்' என்பதுபோலவே அங்கும் இரு பெயர்கள் அருகருகே நிற்கும். 'உள்பொருள்' பற்றிய அரிஸ்டாட்டிலின் ஆராய்ச்சி முழுவதும் அவ்வினையைச் சுற்றியே அமைந்தமையால், இல்லாத சொல்லைப் படைக்கவேண்டிய நிலை உண்டாயிற்று. சிலர் 'அவன்' எனப் பொருள்படும் ஹுவ என்னும் இடப்பெயரை அங்கு நிறுத்தினர். சிலர் 'கண்டறியப்பட்டது' என்னும் பொருளுடைய மவ்ஜூத் என்னும் சொல்லை ஆண்டனர். ஃபாராபி தம் 'எழுத்துகளின் நூலில்' (கிதாபுல் ஹுரூஃப்) இதனை விரிவாக ஆராய்ந்து, மவ்ஜூத் என்பதன் இலக்கண வடிவம் செயப்பாட்டுப் பெயரெச்சத்தை ஒத்திருப்பதால், யாரோ ஒருவர் கண்டறிந்தது என்னும் எண்ணத்தைக் கேட்போர் மனத்தில் எழுப்பிவிடும் என்று எச்சரித்தார். கலைச்சொல் தன் பிறப்பின் நினைவை எளிதில் விடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

4. இலக்கணியரும் அளவையியலாரும்

930களில் பாக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் நிகழ்ந்த வாதமொன்று இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அது 932இல் நடந்தது என்றும், 937-38இல் நடந்தது என்றும் இருவேறு குறிப்புகள் உள. ஒருபுறம் நின்றவர் அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் (இறப்பு 940): கிறித்தவர், பாக்தாத் அளவையியலாரின் தலைவர், கிரேக்கம் அறியாமல் சிரியாக்கிலிருந்து அரிஸ்டாட்டிலைப் பெயர்த்தவர். மறுபுறம் நின்றவர் அபூ ஸயீத் அல்-ஸீராஃபி (இறப்பு 979): பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஸீராஃபில் பிறந்தவர், அரபு இலக்கணத்தின் மூலநூலாகிய ஸீபவைஹியின் 'கிதாப்' என்னும் நூலுக்கு உரை கண்டவர். அரபியின் பெருமைக்காக வாதிட்ட அவருடைய தந்தை ஸொராஸ்திரிய சமயத்திலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர் என்பது கருதத்தக்கது. மொழிப்பற்று குருதியால் வருவதன்று, கல்வியால் வருவது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய அளவையியல் ஒன்றே வழி என்னும் மத்தாவின் கூற்றை எதிர்க்க வல்லார் உளரோ என்று அமைச்சர் வினவ, ஸீராஃபி முன்வந்தார். மத்தாவின் நிலைப்பாடு எளியது. அளவையியல் கருத்துகளை ஆராய்வது. இலக்கணம் சொற்களை ஆராய்வது. கருத்துகளில் எல்லா மக்களும் ஒருநிகரானவர். நான்கும் நான்கும் எட்டு என்பது எந்நாட்டார்க்கும் ஒன்றே. ஆதலால் அளவையியலார்க்கு இலக்கணம் வேண்டுவதில்லை. இலக்கணியர்க்கோ அளவையியல் வேண்டும்.

ஸீராஃபியின் மறுப்பு பல படிகளாக அமைந்தது. அளவையியலைக் கிரேக்கர் ஒருவர் தம் மக்களின் மொழிவழக்கையொட்டி வகுத்தார்; துருக்கரும் இந்தியரும் பாரசீகரும் அரபியரும் அதனை நடுவராகக் கொள்ளவேண்டிய கட்டாயம் யாது? எல்லாப் பொருளும் எண்களைப்போல் தெளிந்தவை அல்ல. மொழியின் வழியாகவன்றிக் கருத்தை எட்டுதல் இயலாது. அவ்வாறாயின் மத்தா அழைப்பது அளவையியலுக்கன்று, கிரேக்க மொழிக்கு. அம்மொழியையோ மத்தாவே அறியார். கிரேக்கத்திலிருந்து சிரியாக்குக்கும் அங்கிருந்து அரபிக்கும் இருமுறை பெயர்ந்த கருத்தில் எதுவும் குறையவில்லை, கூடவில்லை, திரியவில்லை என்பதற்கு என்ன உறுதி?

பின்னர் அவர் மொழிச் சான்றுகளுக்கு வந்தார். 'வ' என்னும் அரபு இடைச்சொல்லின் பொருள்கள் யாவை என்று வினவினார். இணைப்பு, சூளுரை, செயலின்போதுள்ள நிலை எனப் பல பொருள்களில் வரும் அச்சொல்லைப் பற்றி மத்தாவால் விளக்கம் தர இயலவில்லை. அடுத்து, 'ஸைத் சகோதரர்களுள் சிறந்தவன்', 'ஸைத் தன் சகோதரர்களுள் சிறந்தவன்' என்னும் இரு தொடர்களும் சரியா என்று கேட்டார். இரண்டும் சரி என்றார் மத்தா. இரண்டாவது பிழை என்றார் ஸீராஃபி. ஸைதின் சகோதரர்கள் என்னும் தொகுதியில் ஸைத் அடங்கான். தான் அடங்காத தொகுதியுள் ஒருவன் சிறந்தவனாதல் இயலாது. இவ்வினாவின் கூர்மை நோக்கத்தக்கது. தொகுதியும் உறுப்பும் பற்றிய இச்சிக்கல் அளவையியலுக்கே உரியது. அதனை அளவையியலார் தவறவிட, இலக்கணியர் கண்டார். இலக்கணத்தினுள்ளேயே ஓர் அளவையியல் உண்டு என்பதை ஸீராஃபி அவையில் செய்துகாட்டினார்.

இவ்வாதத்தை அப்படியே நடந்த நிகழ்ச்சியாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். இதனைப் பதிவு செய்த தவ்ஹீதி ஸீராஃபியின் மாணவர். செய்தி வந்தது வென்றவரின் தரப்பிலிருந்து. மத்தா தந்த விடைகள் சுருக்கமாகவும் தடுமாற்றமாகவும் அமைந்திருப்பதற்கு அதுவும் காரணமாகலாம். ஆனால் ஸீராஃபி எழுப்பிய ஐயத்துக்கு மத்தாவின் மொழிபெயர்ப்பே சான்று தருகிறது. அரிஸ்டாட்டிலின் 'கவிதையியலை'ப் பெயர்த்தபோது அவர் துன்பியல் நாடகத்தைப் புகழ்ச்சிக் கவிதை என்றும், இன்பியல் நாடகத்தை வசைக் கவிதை என்றும் ஆக்கினார். நாடகம் அறியாத அரபு இலக்கிய மரபில் அவருக்குக் கிடைத்த அணுக்கமான சொற்கள் அவை. இப்னு சீனா அவ்விடத்தில் கிரேக்கச் சொற்களின் ஒலிபெயர்ப்பை ஆண்டார். ஆனால் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் உரை எழுதிய இப்னு ருஷ்து புகழ்ச்சி, வசை என்றே கொண்டு அரபுக் கவிதைகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்தார்.

பாக்தாத் அவையில் பந்தயமாக வைக்கப்பட்டது ஒரு துறையின் பெருமை மட்டுமன்று. குர்ஆனின் பொருளை விளக்குவதும், அதிலிருந்து சட்டம் காண்பதும், இறைவனின் பண்புகளைப் பற்றி வாதிடுவதும் அரபு மொழியறிவின்மீது நின்றன. மொழியைக் கடந்த ஒரு கருவியே மெய்ம்மையின் நடுவர் என்றால், அக்கல்விகள் அனைத்தும் அதன் தீர்ப்புக்குக் காத்திருக்க நேரும். இலக்கணியரின் சினத்திற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

இங்கு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. குர்ஆன் படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்னும் சர்ச்சை 833இல் கலீஃபா மாமூன் தொடங்கிய விசாரணையால் அரசியல் நெருக்கடியாக முற்றி, முத்தவக்கிலின் ஆட்சியில் (847–861) ஓய்ந்தது. முஃதஸிலாக்கள் படைக்கப்பட்டது என்றனர். அஹ்மத் இப்னு ஹன்பல் அதனை ஏற்க மறுத்துத் துன்புற்றார். அஷ்அரியின் (இறப்பு 935-36) வழிவந்தோர் இடைவழி ஒன்றைக் கண்டனர். எழுத்தும் ஒலியும் இல்லாத உட்பேச்சு இறைவனிடம் என்றும் உள்ளது. ஓதப்படும் சொற்கள் அதனைச் சுட்டுவன. சொல்லுக்கு முந்திய பொருள் உண்டு என்னும் இக்கருத்து, மத்தா கூறியதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது எனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் அளவையியலை ஏற்பதற்கான இடம் கலாமின் உள்ளேயே ஒருவாறு உருவாகியிருந்தது.

5. ஃபாராபியின் விடை

மத்தாவின் வட்டத்தோடு தொடர்புடைய ஃபாராபி (இறப்பு 950) இச்சிக்கலுக்கு முறையான விடை தந்தார். அளவையியலைக் குறிக்கும் மன்திக் என்னும் அரபுச் சொல் பேசுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கப் பெயரும் அத்தகையதே. இதனைப் பற்றிக்கொண்ட ஃபாராபி, புறத்தே ஒலிக்கும் பேச்சு, மனத்துள் நிகழும் பேச்சு, இவ்விரண்டையும் இயலச்செய்யும் ஆற்றல் என அவ்வேரின் பொருளை மூன்றாகப் பிரித்தார். இலக்கணம் ஒரு மக்களின் சொற்களுக்கு விதி தருவது. அளவையியல் எல்லா மக்களின் சொற்களுக்கும் பொதுவான விதிகளைத் தருவது. சொல்லுக்கு இலக்கணம் எவ்வாறோ, அறிவுக்கு அளவையியல் அவ்வாறு. மத்தா இலக்கணத்தைப் புறந்தள்ளினார். ஃபாராபியோ அதற்குரிய இடத்தைத் தந்து, அளவையியலை அதன் உடன்பிறப்பாக்கினார்.

சமயத்தைப் பற்றிய அவருடைய கருத்தும் ஒருவகை மொழிபெயர்ப்புக் கொள்கையே. மெய்யியல் உறுதிச்சான்றால் அறிவதைச் சமயம் உருவகங்களால் மக்கள் மனத்தில் பதியச் செய்கிறது. உருவகங்கள் மக்களுக்கு மக்கள் வேறுபடும். அவை சுட்டும் உண்மை வேறுபடாது. கலாமோ அவ்வுருவகங்களைக் காக்கும் கலை. 'எழுத்துகளின் நூலில்' அவர் இன்னும் நுட்பமாக ஒன்று கூறினார். ஒரு சமயம் தன் மெய்யியல் இன்றி வேறொரு மக்களிடம் சென்று வேரூன்றி, அதன்பின் அம்மெய்யியல் தனியே வந்து சேருமாயின், இரண்டும் மோதிக்கொள்ளும். தம்முடையது எதன் சாயல் என்பதைச் சமயத்தார் அறியாமையால் மோதல் உண்டாகும். மெய்யியலுக்கும் இறையியலுக்கும் இடையிலான பகை அவற்றின் இயல்பால் வருவதன்று, அவை பெயர்ந்து வந்த வரிசையால் வருவது என்பது இதன் கருத்து. 1969இல் முஹ்ஸின் மஹ்தி பெய்ரூத்தில் பதிப்பித்த பிறகே இந்நூல் பரவலாக ஆராயப்பட்டது.

இவ்விடை அழகியது, ஆனால் இறையியலார் ஏற்கத்தக்கதாக இல்லை. தம் துறை வேறொன்றின் நிழல் என்பதை எவரும் எளிதில் ஒப்பார்.

6. கஸ்ஸாலியும் பெயர் மாற்றமும்

11ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. இப்னு சீனா (980–1037) சாரம், இருப்பு என்னும் வேறுபாட்டைக் கொண்டு இறைவனை 'இருந்தே தீரவேண்டிய உள்பொருள்' என வரையறுத்தார். அவருடைய எழுத்தில் மெய்யியல் மொழிபெயர்ப்பின் முடிச்சுகள் அவிழ்ந்து, அரபியில் இயல்பாகப் பேசியது. கலாம் அறிஞர்கள் அதனைப் பொருட்படுத்தாமலிருக்க இயலவில்லை.

1091இல் பாக்தாத் நிஸாமிய்யாக் கல்லூரியின் ஆசிரியராக அமர்ந்த கஸ்ஸாலி (1058–1111), 1095இல் 'மெய்யியலாரின் முரண்பாடு' என்னும் பொருள்பட வழங்கும் 'தஹாஃபுத்' நூலை முடித்தார். அதில் 20 கொள்கைகள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் மூன்றே சமயமறுப்பு எனத் தீர்ப்பளிக்கப்பட்டன: உலகு தொடக்கமற்றது என்பது, இறைவன் தனிப்பொருள்களைப் பொதுமை வகையிலேயே அறிவான் என்பது, உடலோடு உயிர்த்தெழுதல் இல்லை என்பது. ஏனையவற்றை அவர் பிழை என்றோ, சான்று போதாதது என்றோ கொண்டார். அந்நூலின் முன்னுரையிலேயே அவர் அளவையியலைத் தாக்குதலிலிருந்து விலக்கிவிட்டார். அது மெய்யியலார்க்கு மட்டும் உரியதன்று. கலாம் அறிஞர் 'ஆராய்ச்சி' என வழங்குவதையே அவர்கள் பெயர் மாற்றி அச்சுறுத்துகின்றனர் என்பது அவர் கூற்று.

இக்கூற்று எத்துணைச் சரி என்பது ஒருபுறம் இருக்க, அதன் வழியே அவர் செய்த பணி பெரிது. 'மிஹக்குன் நளர்' என்னும் நூலில் அளவையியலின் கலைச்சொற்களைச் சட்ட அறிஞர்க்கும் கலாம் அறிஞர்க்கும் பழகிய சொற்களாக மாற்றினார். 'கிஸ்தாஸ்' என்னும் நூலில் இன்னும் ஒருபடி சென்று, முடிபு காணும் முறைகளைத் 'துலாக்கோல்கள்' எனப் பெயரிட்டுக் குர்ஆனிலிருந்தே எடுத்துக்காட்டினார். சூரியனைக் கிழக்கிலிருந்து எழச்செய்பவனே இறைவன். நீ மேற்கிலிருந்து எழச்செய் பார்ப்போம் என்னும் கருத்தில் அமைந்த இப்ராஹீமின் வாதம் முக்கூற்று முடிபின் முதல் உருவமாயிற்று. மறையும் நிலவு இறைவனாக இயலாது என்னும் அவருடைய முடிவு இரண்டாம் உருவமாயிற்று. இறைவர் பலர் இருப்பின் விண்ணும் மண்ணும் சீர்குலையும் என்னும் கருத்து, 'இருப்பின்' என்னும் நிபந்தனையிலிருந்து எதிர்மறையால் முடிவு காணும் முறையாயிற்று. இப்பெயர்கள் தாம் இட்டவை என்பதை கஸ்ஸாலி மறைக்கவில்லை. முன்னோர் சிலர் வேறு பெயர்களில் இவற்றை அறிந்திருந்தனர் என்றும், அவர்களும் பழைய இறைத்தூதர்களின் ஏடுகளிலிருந்தே கற்றனர் என்றும் கூறினார்.

ஸீராஃபியின் வினாவுக்கு இதுவே நடைமுறை விடை. அளவையியல் கிரேக்க மொழியின் குழந்தை என்றார் ஸீராஃபி. எல்லா மொழிக்கும் பொது என்றார் ஃபாராபி. கஸ்ஸாலியோ அதனை வேதமொழியிலேயே கண்டு, அயன்மை என்னும் குற்றச்சாட்டுக்கு இடமில்லாமற் செய்தார். 1109இல் முடித்த சட்டநெறி நூலான 'முஸ்தஸ்ஃபா'வின் தொடக்கத்தில் அளவையியல் சுருக்கம் ஒன்றைச் சேர்த்து, இதனை அறியாதவருடைய அறிவு நம்பத்தக்கதன்று என்றும் எழுதினார். மத்தா சொல்லித் தோற்ற கருத்தே அது. கிறித்தவ மொழிபெயர்ப்பாளர் அவையில் கூறியபோது எதிர்க்கப்பட்டது, இமாம் ஒருவர் சட்ட நூலில் எழுதியபோது பலரால் ஏற்கப்பட்டது.

7. இப்னு ருஷ்தும் பின்வந்தோரும்

அந்தலூஸில் நீதிபதியாக விளங்கிய இப்னு ருஷ்து (1126–1198) ஏறத்தாழ 1179இல் எழுதிய 'ஃபஸ்லுல் மகால்' என்னும் சிறு நூலில், மெய்யியல் பயில்வது சமயச் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டதா என்னும் வினாவை நீதிபதியாகவே ஆராய்ந்தார். இங்குதான் கியாஸ் என்னும் சொல் முழுப்பயன் தந்தது. சட்ட அறிஞர் கியாஸைக் கையாள்வது முறையெனின், அறிவுவழிக் கியாஸைக் கையாள்வது எவ்வாறு முறையற்றதாகும் என்று அவர் வாதிட்டார். சட்டத்தின் கியாஸ் ஒப்புமை. அளவையியலின் கியாஸ் முக்கூற்று முடிபு. இரண்டையும் ஒரே பெயரால் வழங்க முந்திய மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு இல்லையேல் இவ்வாதம் இத்துணை இயல்பாக அமைந்திராது. வேற்று மொழியில் பெயர்க்கும்போது இரண்டுக்கும் இரு சொற்கள் இட நேர்வதால், அவ்வாதத்தின் மூட்டு கழன்றுவிடுகிறது. தமிழில் 'அளவை' என்னும் சொல்லும் அளத்தலிலிருந்தே பிறந்து அறிதற்கருவியைக் குறிப்பதால், இவ்விடத்தில் பெயர்ப்பாளர்க்குக் கைகொடுக்கக்கூடும்.

அயன்மை பற்றிய ஐயத்துக்கும் அவர் உவமையொன்றால் விடையளித்தார். பலியிடும் கத்தி தகுதியுடையதாயின், அது பிற சமயத்தாருடையதா என்று நோக்குவதில்லை. அதுபோலவே கருவியாகிய அளவையியலும். 1195இல் அவர் நாடுகடத்தப்பட்டு நூல்கள் எரிக்கப்பட்டன. இறப்பதற்குச் சிறிது முன்பு மீண்டும் அரசரால் அழைக்கப்பட்டார். அவருடைய உரைகள் எபிரேயத்திலும் இலத்தீனிலும் பெருவாழ்வு பெற்றன.

கிழக்கே கதை வேறாயிற்று. ஃபக்ருத்தீன் ராஸி (இறப்பு 1210) முதலானோர் இப்னு சீனாவின் கலைச்சொற்களைக் கலாமுக்குள் கொணர்ந்தனர். 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், பிற்காலக் கலாமும் மெய்யியலும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்டன என்று குறைப்பட்டார். மெய்யியல் மறைந்தது என்போர்க்கு இக்குறையே போதிய மறுப்பு. எதிர்ப்பும் ஓயவில்லை. இப்னு தைமிய்யா (1263–1328) அளவையியலாரை மறுத்து எழுதிய நூலில், அது கிரேக்கர் ஒருவர் வகுத்துக்கொண்ட வழக்கு, பிறர்க்கு அது தேவையில்லை என்னும் ஸீராஃபியின் குரல் மீண்டும் ஒலித்தது.

இந்தியாவிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். லக்னோவின் ஃபரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஸாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில் 13ஆம் நூற்றாண்டு அளவையியல் நூல்களும், முஹிப்புல்லாஹ் பிஹாரியின் (இறப்பு 1707) 'ஸுல்லமுல் உலூம்' என்னும் அளவையியல் நூலும் இடம்பெற்றன. பாக்தாத் அவையில் அயலதெனப்பட்ட கல்வி, சமயக் கல்லூரி மாணவரின் அடிப்படைப் பாடமாயிற்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: இடைக்கால இஸ்லாத்தில் மெய்யியலும் கலாமும் எதிரெதிர் முனைகளாக நில்லாமல், ஒரே பரப்பில் வெவ்வேறு சொல்லாட்சியோடு இயங்கின. இரண்டு: அவற்றின் உறவை ஆராய்வார் கொள்கைகளோடு சொற்களின் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். ஜவ்ஹர், மவ்ஜூத், கியாஸ் என்னும் சொற்கள் வாதத்தைச் சுமந்து சென்றதோடு நில்லாமல் அதன் போக்கையும் உருவாக்கின. மூன்று: மத்தாவும் ஸீராஃபியும் ஒவ்வொரு வகையில் சரியானவரே. கருத்து ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும் என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆனால் பெறுமொழியில் அதற்குரிய பெயரும் உறவுகளும் அமையும்வரை அது விருந்தாளியாகவே இருக்கும் என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.

இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர்க்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பும் கிடைக்கிறது. கலாம், ஃபல்ஸஃபா என்னும் பெயர்களை முதலிலேயே இறையியல், மெய்யியல் என்று பெயர்த்து முடித்துவிடாமல், அவ்வாறே நிறுத்தி விளக்குவது நன்று. ஒரே அரபுச் சொல் இரு துறைகளில் வழங்குமிடத்து அவ்வொருமையை வாசகர் காணும்படி செய்வதும் வேண்டும். பழகிய தமிழ்ச் சொல்லை இடும்போது அதன் பழைய பொருளும் உடன்வரும் என்பதை மறத்தலாகாது. மவ்ஜூத் என்னும் ஒரு சொல்லுக்காக ஃபாராபி தம் நூலில் ஒதுக்கிய பக்கங்கள், இப்பணியில் காட்டவேண்டிய பொறுமைக்கு அளவுகோலாக நிற்கின்றன.